எழும்பூரிலிருந்து கொழும்புக்கு ஒரு டிக்கெட்

ஐரோப்பாவில் வெள்ளிக்கிழமை இரவு ரயிலில் ஏறிப் படுத்து, சனிக்கிழமை காலை வேறொரு நாட்டுத் தலைநகரத்தில் பல் தேய்ப்பது தனி சுகம் என்று பயணக் கட்டுரைகளில் எழுதுவார்கள். ப்ரஸ்ஸல்ஸில் கண்ணை மூடினால் பெர்லினில் விழிக்கலாம். இரண்டு நாள் ஊர் சுற்றிவிட்டு ஞாயிறு இரவு அதே மாதிரி திரும்பி வந்து திங்கட்கிழமை ஆபீசுக்குப் போகலாம். இதைப் படிக்கிற நம்மாட்கள் ஒரு பெருமூச்சு விடுவது வழக்கம். நமக்கேது அந்த பாக்கியம், விமானம் ஏறினால்தானே வெளிநாடு என்று.

நம் எழும்பூர் ஸ்டேஷனிலேயே ஐம்பது வருடம் இது நடந்திருக்கிறது. 1914 முதல் 1964 வரை. இரவு எழும்பூரில் வண்டி ஏறினால் மறுநாள் மத்தியானத்துக்கு மேல் தனுஷ்கோடி. அங்கே தண்டவாளம் முடியும் இடத்தில் கப்பல் நிற்கும். இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் கடல். அக்கரையில் தலைமன்னார் துறையில் இன்னொரு ரயில். அதில் ஒரு இரவு. விடிந்தால் கொழும்பு கோட்டை ஸ்டேஷன். இத்தனைக்கும் ஒரே டிக்கெட். வண்டியின் பெயர் இந்தோ-சிலோன் எக்ஸ்பிரஸ். ஜனங்கள் வைத்த பெயர் போட் மெயில்.

போட் மெயில் பற்றித் தமிழில் நிறைய எழுதியாகிவிட்டது. பெரும்பாலும் இரண்டே விஷயம்தான் வரும். ஒன்று, ரயிலும் கப்பலும் சேர்ந்த அந்த அதிசயம். இன்னொன்று, 64 புயல். "அந்தக் காலம் போல வருமா" என்று முடிப்பார்கள். எனக்கு அதில் ஒரு குறை உண்டு. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நடுவில் இருந்த ஐம்பது வருடத்தில் அந்த வண்டி யாரையெல்லாம் ஏற்றிக்கொண்டு போனது, அவர்களில் யார் படுத்துக்கொண்டு போனார்கள், யார் உட்கார்ந்தபடியே விடிய விடியப் போனார்கள் என்று யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்டால் இது கொஞ்சம் வேறு கதையாகிவிடுகிறது.

ரயிலும் கப்பலும் சேர்ந்த பயணம் 1914-க்கு முன்பே உண்டு. அப்போது வழி தூத்துக்குடி. 1870களின் நடுவில் தூத்துக்குடிக்கு ரயில் வந்துவிட்டது. அங்கிருந்து கொழும்புக்கு நீராவிக் கப்பல். வ.உ.சி. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்தது இதே தூத்துக்குடி-கொழும்பு வழித்தடத்தில்தான். பள்ளிக்கூடப் புத்தகத்தில் கப்பலோட்டிய தமிழன் என்று படிக்கிறோமே தவிர, ஏன் அந்த வழித்தடம், அதில் அப்படி என்ன காசு என்று வாத்தியார் சொல்வதில்லை. காசு இருந்தது. தென் தமிழ்நாட்டிலிருந்து இலங்கைக்கு ஓயாமல் ஆள் போய்க்கொண்டிருந்தது. சரக்கும் போனது. பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி அந்த வழித்தடத்தை விட்டுக்கொடுக்காமல் கட்டணத்தை வெட்டி வெட்டிச் சண்டை போட்டதற்கும் அதுதான் காரணம். 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார். கம்பெனி நொடித்தது. அந்தக் கதை எல்லோருக்கும் தெரியும்.

அதற்குள் தென்னிந்திய ரயில்வே கம்பெனி இன்னும் குறுகலான கடலைத் தேடிவிட்டது. இந்தியாவும் இலங்கையும் மிக நெருங்கி வரும் இடம் தனுஷ்கோடி-தலைமன்னார். நடுவில் மணல்திட்டுகள். ராமர் பாலம், ஆதாம் பாலம், எந்தப் பெயரில் வேண்டுமானாலும் அழையுங்கள். அதன் மேலேயே ரயில் பாதை போட்டுவிடலாம் என்ற யோசனையும் இருந்தது. கடைசியில் பாம்பன் கால்வாய்க்குப் பாலம், மீதிக்குக் கப்பல் என்று முடிவாயிற்று. 145 கண்களுடன் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல் நீளம், நடுவில் கப்பல் போகத் தூக்கித் திறக்கும் ஷெர்சர் இணைப்பு. 1914 பிப்ரவரி 24-ம் தேதி பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அதே வருடம் அக்கரையில் மதவாச்சியிலிருந்து தலைமன்னாருக்குப் பாதை தயாரானது. எழும்பூர் ஸ்டேஷனுக்கு அப்போது வயது ஆறுதான். 1908 ஜூனில் திறந்த கட்டடம்.

வண்டி முதலில் மதுரை வழியாகப் போனது. திருச்சியிலிருந்து புதுக்கோட்டை, மானாமதுரை வழியாகப் பாதை போட்ட பிறகு தூரம் குறைந்தது. எல்லாம் மீட்டர் கேஜ். தனுஷ்கோடியில் காத்திருந்த கப்பல்களில் இர்வின், கோஷென் என்ற இரண்டு பெயர்கள் பழைய ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒன்று வைஸ்ராயின் பெயர், இன்னொன்று சென்னை கவர்னரின் பெயர். அந்தக் காலத்துக் கப்பலுக்கு வேறு யார் பெயரை வைப்பார்கள்!

முதல் வகுப்பில் போனவர்களுக்கு இது உண்மையிலேயே சுகமான பயணம்தான். அகலமான மெத்தை பெஞ்ச். படுக்கையைக் கம்பெனி தராது, ஹோல்டாலில் கட்டிக்கொண்டு போக வேண்டும். விரித்துவிட வேலைக்காரன் கூடவே வருவான். யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்குப் படிக்க வந்த பையன்கள், துணி வாங்க வந்த வியாபாரிகள், ராமேஸ்வரத்துக்கு வந்த யாத்ரீகர்கள், கதிர்காமத்துக்குப் போன நம்மூர் பக்தர்கள் என்று நடுத்தர வர்க்கமும் தாராளமாகப் புழங்கியது. சென்னையில் அச்சான வாரப் பத்திரிகை இலங்கை வாசகர் கைக்குப் போகவும் கடல் தாண்ட வேண்டியிருந்தது. கொழும்பும் சென்னையும் அண்டை வீடுகள் மாதிரி இருந்த காலம் என்று சொல்பவர்கள் இவர்களை மனதில் வைத்துத்தான் சொல்கிறார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

இப்போது அதே வண்டியின் பின்பக்கம் போவோம்.

மூன்றாம் வகுப்பு. மரப்பலகை. அந்தக் காலத்து மூன்றாம் வகுப்பில் இரவுப் பயணம் எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள நல்ல சாட்சி ஒருவர் இருக்கிறார். 1917-ல் காந்தி பம்பாயிலிருந்து சென்னைக்கு மெயில் வண்டியில் மூன்றாம் வகுப்பில் வந்தார். வந்த பிறகு அதைப் பற்றிக் காட்டமாக ஒரு கட்டுரை எழுதினார். 22 பேர் உட்கார வேண்டிய பெட்டி. பத்திரமாகப் படுக்க ஒரு பலகைகூடக் கிடையாது. சென்னை வர இரண்டு இரவுகள். வழியில் மேலும் மேலும் ஆட்களைத் திணிக்கிறார்கள். சிலர் அழுக்குத் தரையில் படுக்கிறார்கள், சிலர் நின்றுகொண்டே வருகிறார்கள். முதல் வகுப்புக் கட்டணம் மூன்றாம் வகுப்பைப் போல ஐந்து மடங்குக்கு மேல். சரி, அந்த வசதியில் ஐந்தில் ஒரு பங்காவது, பத்தில் ஒரு பங்காவது இவர்களுக்குக் கிடைக்கிறதா என்பது அவர் கேள்வி. அது அகலப்பாதை வண்டி. நம் மீட்டர் கேஜ் பெட்டி அதைவிட ஒடுங்கலானது.

வேடிக்கை என்னவென்றால், ரயில்வேக்குப் பயணிகளிடமிருந்து வந்த வருமானத்தில் பெரும்பங்கு இந்த மூன்றாம் வகுப்பிலிருந்துதான் வந்தது. ஆளுக்குக் கொடுத்தது சின்னக் காசு. ஆனால் ஆட்கள் அத்தனை பேர். மெத்தையில் படுத்தவரின் வண்டியை ஓட்டியது பலகையில் உட்கார்ந்தவரின் காசு.

இது நம் ஊரில் மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஐரோப்பாவிலும் படுக்கை வண்டி பிறந்தது பணக்காரர்களுக்காகத்தான். பெல்ஜியக்காரரான ஜார்ஜ் நாகெல்மாக்கர்ஸ் அமெரிக்காவில் புல்மன் பெட்டிகளைப் பார்த்துவிட்டு வந்து 1870களில் வாகன்-லீ கம்பெனியை ஆரம்பித்தார். 1883-ல் ஓரியன்ட் எக்ஸ்பிரஸ். வெள்ளிக் கரண்டி, வெல்வெட் திரை, சமஸ்தான மன்னர்கள், ஒற்றர்கள் எல்லாம் சரி. சாதாரண மனிதன் அந்தப் பெட்டியில் படுக்க முடியாது. இங்கிலாந்திலேயே மூன்றாம் வகுப்புப் பயணிக்குப் படுக்கை கிடைத்தது 1928 செப்டம்பரில். அறைக்கு நான்கு பேர், ஆளுக்கு ஒரு தலையணை, ஒரு கம்பளி. அவ்வளவுதான். ஆனாலும் கிடைத்தது.

1936-ல் லண்டனுக்கும் பாரீசுக்கும் நடுவே நைட் ஃபெரி என்று ஒரு வண்டி விட்டார்கள். போட் மெயிலின் பணக்கார ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம். டோவரில் படுக்கைப் பெட்டிகளையே அப்படியே கப்பலுக்குள் தள்ளிக் கட்டிவிடுவார்கள். பயணி எழுந்திருக்கவே வேண்டாம். (சங்கிலி போடும் சத்தத்தில் எவனும் தூங்கியிருக்க மாட்டான் என்பது வேறு விஷயம் :) ) அது 1980 வரை ஓடியது. நம் போட் மெயிலில் அந்த வசதி இல்லை. மூட்டை முடிச்சோடு இறங்கி, சுங்கம் தாண்டி, பலகை ஏறிக் கப்பலுக்குள் போக வேண்டும். நம் வண்டியில் மட்டும் இன்னொரு நிறுத்தமும் இருந்தது. எல்லாருக்கும் அல்ல.

அந்த நிறுத்தம் மண்டபம்.

இலங்கை மலைநாட்டில் முதலில் காப்பித் தோட்டம், 1870களுக்குப் பிறகு காப்பியை நோய் தின்றதால் தேயிலை. இரண்டுக்கும் ஆள் போனது இங்கிருந்து. திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சாவூர், ராமநாதபுரம், சேலம் என்று பல சீமைகளிலிருந்து. ரயிலுக்கு முந்தைய தலைமுறை கடற்கரை வரை நடந்து, தோணியில் கடந்து, மன்னாரிலிருந்து காட்டு வழியே மாத்தளை வரை மறுபடி நடந்தது. காலராவிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். ரயிலும் கப்பலும் வந்தது அந்தச் சாவைக் குறைத்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தோட்டத்துரைமார் ஆசைப்பட்டதும் அதைத்தான். ஆள் உயிரோடு, விரைவாக, எண்ணிக்கை குறையாமல் வந்து சேர வேண்டும்.

கங்காணி ஊருக்கு வருவான். சொந்தச் சாதிக்காரன், சொந்த ஊர்க்காரன், பேச்சு இனிக்கும். முன்பணம் கொடுப்பான். அந்த முன்பணமும் வழிச்செலவும் கடனாக எழுதப்படும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகர டிக்கெட் என்று ஒரு முறை வந்தது. எந்தத் தோட்டத்துக்குப் போகிறவன் என்று எண் அடித்த சின்னத் தகர வில்லை. அதைக் கழுத்தில் கட்டிவிடுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாத மனிதன், அவனே ஒரு பார்சல் மாதிரி, வில்லையில் இருக்கும் எண்ணைப் பார்த்துப் பார்த்துக் கைமாற்றுவார்கள். முதல் வகுப்புக்காரர் சட்டைப்பையில் வைத்திருந்ததும் டிக்கெட். இவன் கழுத்தில் தொங்கியதும் டிக்கெட்.

பிளேக் பயம் என்று சொல்லி இலங்கை அரசாங்கம் மண்டபத்தில் ஒரு முகாம் வைத்திருந்தது. இந்திய மண்ணில் இலங்கை அரசாங்கத்தின் முகாம் என்பதை ஒரு தடவை நிதானமாகப் படியுங்கள். (அதற்கு முன், தூத்துக்குடி வழியாகப் போன காலத்தில், தட்டப்பாறையில் இருந்தது.) மேல் வகுப்புப் பயணிகளுக்கு டாக்டர் பரிசோதனை, ஒரு சீட்டு, அவ்வளவோடு கப்பல். தோட்டத்துக்குப் போகும் கூலியாட்கள் வண்டியை விட்டு இறங்கி முகாமுக்குள் போக வேண்டும். குளிக்க வைத்து, துணியை அவித்து, அம்மை குத்தி, சில நாள் அடைத்து வைத்துத்தான் கப்பலேற்றுவார்கள். குழந்தை குட்டியோடு குடும்பம் குடும்பமாக. ஒரே டிக்கெட்டில் கொழும்பு என்று நாம் கொண்டாடுகிற பயணத்தில், மிக அதிகம் பேர் போன வழி இப்படித்தான் இருந்தது.

1939-ல் இந்திய அரசாங்கம் இலங்கைக்குக் கூலியாட்கள் போவதைத் தடை செய்தது. அங்கே இந்தியர்களை வேலையிலிருந்து நீக்க ஆரம்பித்ததற்குப் பதிலடி. அதோடு மண்டபத்தின் பெரிய கூட்டம் ஓய்ந்தது. போனவர்கள் மூன்று தலைமுறையாக அங்கேயே வேரூன்றிவிட்டார்கள். ஆனால் 1948-ல் இலங்கை சுதந்திரம் வாங்கிய முதல் வருடத்திலேயே கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் அந்த லட்சக்கணக்கான மனிதர்களை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களாக்கியது. அடுத்த வருடத்திலிருந்து இந்தியர் இலங்கைக்குள் போக பாஸ்போர்ட், விசா என்ற கெடுபிடியும் வந்தது. அண்டை வீட்டுக்கு நடுவே சுவர். கள்ளத்தோணி என்ற வசவுச் சொல் புழக்கத்துக்கு வந்ததும் இதை ஒட்டித்தான். போட் மெயிலில் கவுரவமாகப் போக முடியாதவர்கள் தோணியில் போனார்கள். அப்படிப் போகாதவர்களையும், அங்கேயே பிறந்தவர்களையும் சேர்த்தே அந்தப் பெயரால் கூப்பிட்டார்கள்.

இந்தப் பக்கம், சுதந்திர இந்தியாவில், மூன்றாம் வகுப்புக்காரனுக்கு மெல்ல மெல்லப் படுக்கை வந்துகொண்டிருந்தது. 1950களின் நடுவில்தான் நீண்ட தூர வண்டிகளில் மூன்றாம் வகுப்புக்குப் படுக்கைப் பெட்டி என்ற ஏற்பாடே தொடங்குகிறது. லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே அமைச்சராக இருந்த காலம் அது, 1952-லிருந்து 56 வரை. அவர் எப்படிப் பதவி விலகினார் என்பது நமக்கு நெருக்கமான செய்தி. 1956 நவம்பர் 23 விடியற்காலை, எழும்பூரிலிருந்து கிளம்பிய தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அரியலூர் அருகே மருதையாற்றில் விழுந்தது. வெள்ளத்தில் பாலம் அரித்துப் போயிருந்தது. 140-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தூக்கத்தில் இறந்தார்கள் என்று எழுத எனக்குக் கை வரவில்லை, ஏனென்றால் அந்தப் பெட்டிகளில் எத்தனை பேருக்குப் படுக்க இடம் இருந்திருக்கும்? சாஸ்திரி ராஜினாமா செய்தார். துணை அமைச்சர் அழகேசனை அரியலூரோடு சேர்த்து எதுகை வைத்துப் போட்ட கோஷம் 57 தேர்தலில் ஊரெல்லாம் ஒலித்தது.

மீதிக் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1974-ல் மூன்றாம் வகுப்பு என்ற பெயரை எடுத்துவிட்டு இரண்டாம் வகுப்பு என்றார்கள். பலகை அதே பலகை. 1977-ல் ரயில்வே அமைச்சரான மது தண்டவதேதான் அந்தக் கட்டைப் பலகைகளின் மேல் இரண்டு அங்குல நுரை மெத்தையைப் போட வைத்தார். சாதாரண மனிதனின் முதுகை நினைத்த அமைச்சர் என்று அவருக்கு ஒரு சிலையே வைக்கலாம். (அதற்கு நேரெதிர், 2007-ல் பக்கவாட்டுப் படுக்கைகளுக்கு நடுவில் மூன்றாவதாக ஒன்றைச் செருகி 72 பேர் பெட்டியை 81 ஆக்கினார்களே, அது. அதில் படுத்தவர்களுக்குத் தெரியும், சவப்பெட்டி இதைவிட விசாலம். இரண்டு வருடத்தில் பிடுங்க ஆரம்பித்தார்கள்.)

போட் மெயிலுக்கு வருவோம். 1964.

அந்த வருடம் இரண்டு சம்பவங்கள், எட்டு வாரத்துக்குள். எல்லோருக்கும் தெரிந்தது இரண்டாவது. டிசம்பர் 22 இரவு புயல். தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குக் கிளம்பிய பாசஞ்சர் வண்டியை ஊருக்குள் நுழையும் முன்பே அலை அடித்துக்கொண்டு போனது. உள்ளே நூறுக்கும் மேற்பட்டவர்கள். போட் மெயிலே மூழ்கியது என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது தவறு. மூழ்கியது உள்ளூர் பாசஞ்சர், எண் 653. பாம்பன் பாலத்தின் 145 கண்களில் 126-ன் இரும்பு உத்திரங்கள் போய்விட்டன. அவற்றைக் கடலிலிருந்து தூக்கியெடுத்து 46 நாளில் பாலத்தைச் சரிசெய்தவர் பின்னால் டெல்லி மெட்ரோ கட்டிய ஸ்ரீதரன். பாலம் பிழைத்தது, தனுஷ்கோடி பிழைக்கவில்லை.

முதல் சம்பவம் அக்டோபர் 30. டெல்லியில் சிறிமாவோ பண்டாரநாயகாவும் அப்போது பிரதமராகியிருந்த அதே சாஸ்திரியும் ஒரு ஒப்பந்தம் போட்டார்கள். மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும். 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும். மிச்சம் 1,50,000 பேரைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் (1974-ல் இந்திரா காந்தி காலத்தில் ஆளுக்குப் பாதி என்று பிரித்தார்கள்). ரயில் டிக்கெட் போல மனிதர்களைக் கிழித்துப் பங்கிட்ட கணக்கு. எங்கள் கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் உட்கார்ந்து இந்த எண்களை ஒரு தாளில் கூட்டிப் பார்த்தேன். 9,75,000. இதில் ஒருவரையும் கூப்பிட்டு எங்கே இருக்க விருப்பம் என்று கேட்டுப் போட்ட ஒப்பந்தம் அல்ல அது.

ஆக, புயலுக்குப் பிறகு கப்பல் தனுஷ்கோடியிலிருந்து ராமேஸ்வரத்துக்கு மாறியபோது, அதன் முக்கிய வேலை ஏற்கனவே தீர்மானமாகிவிட்டது. ராமானுஜம் என்ற கப்பல். தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரம். மலைநாட்டு ஸ்டேஷன்களிலிருந்து தலைமன்னாருக்கு வந்த ரயிலுக்கு அங்கத்து ஜனங்கள் வைத்த பெயர் அழுகைக் கோச்சி. கோச்சி என்றால் இலங்கைத் தமிழில் ரயில். ஏறுகிறவர்களும் அழுதார்கள், பிளாட்பாரத்தில் நின்றவர்களும் அழுதார்கள். அண்ணனுக்கு இந்தியப் பாஸ்போர்ட், தம்பிக்கு இலங்கைக் குடியுரிமை. கட்டிக்கொடுத்த மகள் அங்கே, பெற்றவர்கள் இங்கே. தாத்தா தகர வில்லையோடு போன அதே தண்டவாளத்தில் பேரன் ஒரு குடும்ப அட்டையும் ஒரு டிரங்குப் பெட்டியுமாகத் திரும்பி வந்தான். அவன் பார்த்தே இராத ஊருக்கு 'தாயகம் திரும்பியவர்' என்று பெயர். நீலகிரியில் கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் அரசாங்கத் தேயிலைத் தோட்டங்கள், டான்டீ, இவர்களுக்காகவே ஆரம்பித்ததுதான். அங்கே போனால் இன்றும் கண்டியையும் நுவரெலியாவையும் பற்றிப் பேசும் பெரியவர்களைப் பார்க்கலாம்.

1983 கலவரம், அதைத் தொடர்ந்து போர். 1984-ல் ராமானுஜமும் நின்றது. இதில் ஒரு விசித்திரம் உண்டு. இந்தியக் குடியுரிமை வாங்கி, இந்தியப் பாஸ்போர்ட்டும் கையில் வைத்துக்கொண்டு, கப்பல் இல்லாததால் வர முடியாமல் அங்கேயே தங்கிவிட்டவர்கள் பல்லாயிரம் பேர். அவர்களில் பெரும்பாலோருக்கு வரவும் மனமில்லை. 2003-ல் இலங்கை நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டு அவர்களுக்குக் குடியுரிமை கொடுத்தது. ஒரு கப்பல் நின்றதால் ஒரு மனிதக்கூட்டம் தன் வீட்டில் இருக்க முடிந்தது என்றால், போட் மெயில் நின்றதை வெறும் சோகம் என்று மட்டும் எப்படி எழுதுவது?

ஐரோப்பாவில் இரவு வண்டிகள் செத்த கதை இதற்குச் சம்பந்தமே இல்லாதது. அங்கே அதிவேக ரயிலும் மலிவு விமானமும் கொன்றன. ஜெர்மன் ரயில்வே 2016 டிசம்பரில் தன் படுக்கை வண்டிகளை ஒட்டுமொத்தமாக மூடியது. அவற்றில் சிலவற்றை ஆஸ்திரிய ரயில்வே வாங்கி நைட்ஜெட் என்று ஓட்டுகிறது. விமானப் புகையைப் பற்றிய கவலை வந்ததும் மறுபடி மவுசு. ஆனாலும் லாபம் கஷ்டம்தான். 2021-ல் ஆரவாரமாக மீண்டும் வந்த பாரீஸ்-வியன்னா வண்டி, பிரெஞ்சு அரசின் மானியம் போனதும் 2025 டிசம்பரில் நின்றது. அங்கே இரவு ரயில் என்பது இன்று ஒரு தேர்வு, விமானத்தில் போகக்கூடியவர் வேண்டுமென்றே ரயிலில் போவது. இங்கே அப்படியில்லை. வெள்ளி இரவு எழும்பூர், தாம்பரம் பக்கம் போய்ப் பாருங்கள். நெல்லை, பாண்டியன், முத்துநகர், எந்த வண்டியும் காலியாகக் கிளம்புவதில்லை.

கொழும்புக்கு இப்போது விமானம்தான். ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவு. கோட்டூர்புரத்திலிருந்து மீனம்பாக்கம் போய், வரிசையில் நின்று, பெட்டியைக் காட்டிவிட்டுக் காத்திருக்கும் நேரம் அதைப் போல இரண்டு மடங்கு. கப்பலையும் திரும்பக் கொண்டுவரப் பார்த்தார்கள். 2011-ல் தூத்துக்குடி-கொழும்பு கப்பல் சில மாதங்கள் ஓடி நின்றது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினம்-காங்கேசன்துறை தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கியது. தண்டவாளங்களும் திரும்பிவிட்டன. போரில் அழிந்த தலைமன்னார்ப் பாதையை இந்தியாவின் இர்கான் நிறுவனம் மீண்டும் போட்டுக்கொடுத்து 2015 மார்ச்சில் ரயில் ஓடியது. பாம்பனில் புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6-ம் தேதி திறந்தது. நம் பக்கத்தில் ராமேஸ்வரம் வரை ரயில், அவர்கள் பக்கத்தில் துறை வரை ரயில். இதை வரைபடத்தில் பார்க்கிற யாருக்கும் நடுவில் ஒரு கப்பலை விட்டால் ஆயிற்றே என்றுதான் தோன்றும். எனக்கும் ஆசைதான். கையில் ஒரு புத்தகத்தோடு மேல் படுக்கையில் ஏறி, மூன்றாம் நாள் காலை கொழும்பில் டீ குடிக்க யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் விட்டால் அது யாருக்கான கப்பலாக இருக்கும் என்பதையும் கேட்டுவிட்டே விட வேண்டும்.

ஏனென்றால் மண்டபம் முகாம் இன்னும் இருக்கிறது. கூலியாட்களை அடைத்து வைத்த அதே மண்டபத்தில், போர்க்காலத்தில் எதிர்த்திசையிலிருந்து வந்த இலங்கைத் தமிழர்களைத் தங்க வைத்தார்கள். 2021-ல் தமிழக அரசு அகதி முகாம் என்ற சொல்லை மாற்றி இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்றது. 2022 மார்ச்சில், அங்கே அரிசியும் பால்மாவும் மண்ணெண்ணெயும் கிடைக்காமல் போனபோது, மன்னாரிலிருந்து சில குடும்பங்கள் கைக்குழந்தைகளோடு இரவில் படகேறின. படகுக்காரர்கள் பணத்தை வாங்கிக்கொண்டு தனுஷ்கோடிக்கு அருகே மணல்திட்டில் இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டார்கள். விடியும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தவர்களைக் கடலோரக் காவல்படை மீட்டுக் கரைக்குக் கொண்டுவந்தது. விசாரணை முடிந்து அவர்களை அனுப்பி வைத்த இடம் மண்டபம்.